பச்சைக் கொடி நட்ட ஊர்

இரண்டாம் வருஷக் கொரோனாவில் ஜாவாவின் அந்த ஊரில் யாருமே கொரோனாவால் சாகவில்லை. கேட்டுப் பாருங்கள், அப்படித்தான் சொல்வார்கள். ஒருத்திக்கு வாயு, ஒருத்திக்கு நெஞ்செரிச்சல், ஒருத்திக்கு உடம்பில் காற்று புகுந்துவிட்டது. என்ன காற்றோ, வீட்டுக்கு வீடு புகுந்து ஆளை அள்ளிக்கொண்டு போனது.

ஊரில் பெண் பிணங்களைக் குளிப்பாட்டுகிறவள் துமிரா. ஐம்பது தாண்டியவள். கட்டைக் குரல், கை மட்டும் மெத்தென்று இருக்கும். அடிவயிற்றை மெல்ல அழுத்திக் கழிவை எடுத்து, பல்லைத் துடைத்து, கடைசித் தண்ணீரில் கர்ப்பூரம் கலந்து ஊற்றி, வெள்ளைத் துணியில் கட்டிக் கொடுப்பாள். கொரோனா என்று சொல்லிவிட்டால் அவளுக்கு அங்கே வேலையில்லை. ஆஸ்பத்திரி ஆட்கள் வந்து பிளாஸ்டிக்கில் சுற்றிப் பெட்டியில் அடைத்துவிடுவார்கள். ஊரார் கையால் குளிப்பாட்டாத சாவும் ஒரு சாவா, செத்தவர் வீட்டில் ஊர் கூடி ஏழு நாள் ஓதாமல் எப்படி என்று பயந்துதான் ஜனங்கள் பொய் சொன்னார்கள். அதையாவது மன்னித்துவிடலாம். ஊர்த் தலைவர் தர்மின்தோவின் பொய்தான் அவளுக்குக் குமட்டியது. தெருமுனையில் மூங்கிலைக் குறுக்கே கட்டி, ‘ஊரடங்கு, வெளியாள் வரக்கூடாது’ என்று எழுதி, பச்சைக் கொடியும் நட்டிருந்தார். பச்சை என்றால் நோயில்லாத ஊர். நோயில்லாத ஊரில் சந்தை நடக்கும். சந்தையில் பாதிக் கடை அவருடையது. தூ!

மளிகைக்கடை லாசியெம் செத்தபோது, அவள் மகன் யத்னோவைத் துமிரா தனியே கூப்பிட்டாள்.

“உண்மையைச் சொல்லிடுப்பா. அதுதான்னா, நர்ஸ் குடுத்த சட்டை, கையுறை எல்லாம் வீட்டுல இருக்கு, போட்டுக்கிட்டு வரேன். வெளியில மூச்சு விடமாட்டேன்.”

“நீங்க வேற, சித்தி. அம்மாவுக்கு எப்பவுமே வாயுதானே? அந்தச் சட்டையோட வந்தீங்கன்னா தெருவே என்னை நாறடிச்சுடும்.”

நம்பினாள். வெறுங்கையால் குளிப்பாட்டினாள். அந்த வாரமே அவள் மூக்குக்குக் கர்ப்பூர வாசனை தெரியாமல் போயிற்று. அவள் தப்பித்துக்கொண்டாள். புருஷன் கர்சோனோவுக்குத்தான் மூச்சு இழுத்தது. நர்ஸ் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்து, அதுதான் என்றாள். ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லை. “என்னைப் பெட்டியில அடைக்க விடாதே. நீயே குளிப்பாட்டு” என்று சொல்லிவிட்டுத்தான் மனுஷன் கண்ணை மூடினார்.

தர்மின்தோ வாசலோடு நின்றுகொண்டார். அவர் மட்டும் மூக்குக்கு மேலே இரண்டு முகக்கவசம் போட்டிருந்தார்.

“காத்து புகுந்துடுச்சுன்னு சொல்லிடுவோம், துமிரா. நர்ஸ்கிட்ட நான் பேசிக்கறேன். உன் கையாலயே எல்லாம் செய்யலாம். கர்சோனோவுக்கு அதானே ஆசை?”

“ஓதறதுக்குக் கூட்டம் வருமே, ஐயா.”

“வரட்டுமே. மரியாதையான சாவு.”

துமிரா உள்ளே போய்த் தண்ணீர் நிரப்பத் தொடங்கினாள். கணவர் கேட்டது அது ஒன்றுதான். பின்கட்டில் பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓதல் சாப்பாட்டுக்குத் தேங்காய் துருவிக்கொண்டு, இருமிக்கொண்டு, சிரித்துக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கு இவர்கள் புருஷன்மார் எல்லாரும் அவர் கிடந்த அதே அறையில் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்காருவார்கள். நோயை வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். அப்புறம் இந்தப் பெண்களை யார் குளிப்பாட்டுவது? குழாயை மூடினாள்.

சாவை அறிவிக்கப் போன பள்ளிவாசல் ஒலிபெருக்கிக்காரரை வழியிலேயே மறித்தாள். “கொரோனான்னே சொல்லுங்க. யாரும் என் வீட்டுக்கு வர வேண்டாம்னு சொல்லுங்க.”

வெள்ளை உடுப்பு ஆட்கள் கர்சோனோவைப் பெட்டியில் வைத்து ஆணி அடித்ததை அவள் தெருவின் எதிர்ப்பக்கத்தில் நின்று பார்த்தாள். கிட்டே விடவில்லை. மறுநாள் கொடி மாறியது, சந்தை மூடியது. அவளோடு யாரும் பேசவில்லை.

சில நாள் கழித்து ஒரு சாயங்காலம், மூங்கில் தடுப்பருகே காவல் குடிசையைக் கடந்து போனாள். உள்ளே தர்மின்தோ, யத்னோ, இன்னும் சிலர். கிராம்புச் சிகரெட் புகைக்குள் ஒரு கைப்பேசி, எந்த நாட்டில் லட்சத்துக்கு எத்தனை சாவு என்று கத்திக்கொண்டிருந்தது.

“ஸ்வீடன்ல கதவையே சாத்தலையாம். பெருவுல எல்லாத்தையும் சாத்தினானாம், கொத்துக் கொத்தாப் போச்சாம்” என்றார் தர்மின்தோ. “சாத்தி என்னய்யா ஆகப்போவுது?”

“அதச் சொல்லுங்க, ஐயா” என்றான் யத்னோ. “நம்ம ஊர்க் கணக்கையே எடுத்துக்குங்க. இத்தனை பேர்ல செத்தது ஒரே ஒருத்தர். அந்த ஒருத்தருக்காக ஊர் பொழைப்பையே இழுத்து மூடணுமா?”

துமிரா நின்றாள். தலையைக் குனிந்து குடிசைக்குள் பார்த்தாள்.

“அப்படியா, யத்னோ? ஒருத்தர்தானா? அப்ப உங்கம்மா வீட்டுலதான் இருக்காளா? கொஞ்சம் வெளியில வரச் சொல்லுடா, பாத்துட்டுப் போறேன்.”