கடவு விடாத வேலி

எங்கள் வீட்டுக்கும் சித்தப்பா வீட்டுக்கும் நடுவில் கம்பி வேலி போட்டது 1979 ஆவணியில். அப்பா புரட்டாசி என்பார், அது தவறு. பிள்ளையார் சதுர்த்திக்குச் செய்த கொழுக்கட்டையை அம்மா வேலையாட்களுக்குக் கொடுத்தாள். தேதி விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. மற்ற எதிலும் விட்டுக்கொடுக்காதவர்கள் வீட்டில் வேறு இருவர் இருந்தார்கள்.

அரியலூரிலிருந்து ஜெயங்கொண்டம் போகும் சாலையோரம் இரண்டு வீடுகளும் அடுத்தடுத்து இருந்தன. அண்ணன் தம்பி இருவரும் வாலிகண்டபுரத்தில் ஒரே வீட்டில் பெண்ணெடுத்தவர்கள். சித்தி என் அம்மாவின் கூடப்பிறந்த தங்கை. பாகம் பிரித்தபோதுகூடச் சண்டை வரவில்லை. கொல்லையை அளந்து கல் போட்டதோடு சரி. தினமும் மதியம் சித்தி கொல்லை வழியாக வந்துவிடுவாள். அம்மாவுக்குக் கண்ணில் புரை விழுந்துகொண்டிருந்த காலம். அரிசியில் கல் பொறுக்குவது, அம்மாவுக்கு எண்ணெய் வைத்துத் தலை வாரிவிடுவது எல்லாம் சித்திதான்.

படித்த புத்தகங்களில் அண்ணன் தம்பிகள் நாட்டுக்காகச் சண்டை போட்டார்கள். எங்கள் வீட்டில் தென்னங்கன்றுக்காக. அப்பா வைத்த கன்றுகளைச் சித்தப்பாவின் ஆடுகள் இரண்டு தடவை கடித்துவிட்டன.

"ஆட்டைக் கட்டி வளக்கத் தெரியாதா?" என்றார் அப்பா.

"கன்னைச் சுத்தி முள்ளு வெக்கத் தெரியாதா?" என்றார் சித்தப்பா.

அன்றோடு பேச்சு நின்றது. வேலி போட ஆள் பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. எனக்கு அப்போது இருபத்தாறு வயது. அரசாங்க ஆபீஸில் கிளார்க்.

காண்ட்ராக்டர் வரதராஜன்பேட்டைக்காரர். முந்திரித் தோப்புகளுக்கு வேலி போட்டுப் பேர் வாங்கியவர். சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டுக் கொல்லையை ஒரு சுற்று நடந்து வந்தார்.

"கிளுவைக் கிளையைப் போத்தா வெட்டி நட்டா உசுரு வேலி சார். ஆனா தழைய ரெண்டு மழை பாக்கணும். முள்ளை வெட்டிப் போட்டு அடைச்சா வருசா வருசம் நான் வரணும். அது எனக்கு நல்லது, உங்களுக்கு நல்லதில்ல. கல்லுக்கால் நட்டு முள்கம்பி இழுத்துட்டா உங்க பேரன் காலம் வரைக்கும் நிக்கும்."

எனக்குக் கிளுவைதான் பிடித்தது. கையால் விலக்கினால் ஒரு ஆள் நுழையலாம். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "அது தழையிற வரைக்கும் அவன் ஆடு பட்டினி கெடக்குமா?" என்றார். பெரம்பலூர்ப் பக்கத்திலிருந்து கல்லுக்கால்கள் லாரியில் வந்து இறங்கின.

குழி தோண்டி முடிந்ததும் காண்ட்ராக்டர் கேட்டார்: "கடவு எங்க சார் விடறது?"

கடவு என்பது வேலியில் ஆள் போய்வர விடும் இடைவெளி. சொந்தக்காரர்கள் வீட்டுக்கு நடுவே வேலி வந்தால் ஒரு கடவு விட்டு, அதில் படல் சாத்துவது எங்கள் பக்கத்து வழக்கம். அதைக் கேட்பவர் யார், கொடுப்பவர் யார் என்பதில்தான் சிக்கல்.

அப்பா நாற்காலியிலிருந்து எழாமல் சொன்னார்: "அவன் வந்து கேக்கட்டும். விடறேன்."

சித்தப்பா தன் மாட்டுக்கொட்டகையருகே நின்றிருந்தார். காண்ட்ராக்டர் அவரிடம் போனார். "வேலி யாரோடது? அண்ணனோடது. அவரு சொல்லட்டும். வழி கேட்டு நான் நிக்கணுமா?" என்றார் சித்தப்பா. அப்பாவுக்குக் கேட்கும்படியாகத்தான் சொன்னார்.

காண்ட்ராக்டர் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பி வந்தார். "ரெண்டு பேரும் வேணாங்கல சார். வேணும்னும் சொல்லல. நான் எதை வெச்சுக் கட்டறது?"

அப்போதுதான் அம்மா கொழுக்கட்டைப் பாத்திரத்தோடு வந்தாள். "கெணத்துக்கிட்ட ஒரு ஆள் நுழையற மாதிரி விட்டுடுங்க தம்பி."

"ஐயா சொல்லணுமுங்களே" என்றார் அவர்.

"நீ உள்ள போ" என்றார் அப்பா. அம்மா பாத்திரத்தைக் கிணற்றடியில் வைத்துவிட்டு உள்ளே போனாள். பொழுது சாய்வதற்குள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கம்பி இழுத்தாயிற்று. தோப்பு வேலி போட்டுப் பழகிய கை, ஒரு பிசிறில்லை.

சாலை வழியாகச் சித்தி வந்திருக்கலாமே என்று கேட்கலாம். கொல்லை வழியாக வருவது வருவதாகவே கணக்கில்லை. அடுப்படியிலிருந்து அடுப்படிக்குப் போவதுதான். சாலையைச் சுற்றி, டீக்கடையைத் தாண்டி, முன்வாசலில் ஏறினால் அது விருந்தாளி வருவது. ஆண்கள் பேசாத வீட்டுக்கு ஒரு பெண் விருந்தாளியாக எப்படி வருவாள்?

கொஞ்ச நாள் கம்பியோரம் நின்று பேசினார்கள். குழம்புக் கிண்ணம் மேல்கம்பியைத் தாண்டிக் கைமாறியது. சித்தியின் முந்தானை இரண்டு முறை கிழிந்தது. பார்வை மங்க மங்க அம்மா கம்பியைத் தடவிக்கொண்டே போய் நிற்பாள். விரலில் ரத்தத்தோடு திரும்புவாள். கம்பிக்கு மேலே கிண்ணம் கொடுக்கலாம். தலை வார முடியாது. நான் வாரிவிடுகிறேன் என்றதற்கு, "உனக்கு வராதுடா" என்று சிரித்துவிட்டாள். 1982 தையில் ஒருநாள் ஆபீஸ் விட்டு வந்தேன். சிக்கு விழுந்த முடியைத் தானே கத்தரியால் வெட்டிக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் இருந்தது. அதன்பின் முடி வளரும்போதெல்லாம் அப்படித்தான்.

அன்று அப்பாவிடம் கடவு பற்றிப் பேசினேன். "கேட்டானா அவன்?" என்றார். சித்தப்பாவிடம் போனேன். "அண்ணன் அனுப்பிச்சாரா, நீயா வந்தியா?" என்றார். நானாக வந்தேன் என்றேன். "அப்ப காப்பி குடிச்சிட்டுப் போ" என்றார்.

1984 மாசியில் அம்மா இறந்தாள். சித்தப்பா சாலை வழியாக வந்தார். வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்தார், கொல்லையைப் பார்த்தார். "பந்தலுக்கு எடம் பத்தாது. அந்தக் கம்பிய அறுங்கடா." யாரையும் கேட்கவில்லை. வந்தவர்களுக்கு டீ கொடுத்து முடிப்பதற்குள் கிணற்றடியில், அம்மா கேட்ட அதே இடத்தில், வழி பிறந்துவிட்டது.

அந்த வழியாகச் சித்தி வந்தாள். அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்து முடியைத் தொட்டுப் பார்த்தாள். "அக்கா, யாரு இப்படி வெட்டிவிட்டது?" என்றாள். சுற்றி நின்ற ஆண்கள் ஒவ்வொருவராகப் பந்தலுக்கு நகர்ந்தார்கள்.

கருமாதி முடிந்ததும் அதே காண்ட்ராக்டரைக் கூட்டிவந்தேன். "திரும்ப இழுத்துக் கட்டிடலாமுங்களா?" என்று அப்பாவிடம் கேட்டார். "இருக்கட்டும்" என்றார் அப்பா. வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற சித்தப்பாவும், "இருக்கட்டும், இருக்கட்டும்" என்றார்.

சித்தி அதன் பிறகு அந்தக் கடவைத் தாண்டவில்லை. ஆடுகள்தான் வந்தன. தென்னை எட்டாத உயரத்துக்குப் போய்விட்டதால் கிணற்றடிப் புல்லை மேய்ந்தன. அப்பா நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். விரட்டுவதில்லை.