ஐம்பதாவது சீட்டு

எங்கள் வீட்டில் காஸ் அடுப்பு இல்லாமல் இருந்ததற்குக் காரணம் வறுமை அல்ல, கொள்கை. அந்தக் கொள்கையை வகுத்தவர் அம்மாவின் பெரியப்பா. கட்டிக் காத்தவர் அப்பா. அதற்காக இருமியவள் அம்மா.

அம்மாவின் பெரியப்பா நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர், எங்களுக்கு எம்.பி. தாத்தா. இரண்டு தேர்தலில் தோற்று மூன்றாவதில் ஜெயித்தார். லைசென்ஸ், பெர்மிட், கோட்டா என்ற மூன்று சொற்களையும் கெட்ட வார்த்தை போல முகம் சுளித்துத்தான் சொல்வார். வேண்டியவன் வேண்டியதைச் செய்யட்டும், விற்கட்டும், அரசாங்கம் ஒதுங்கி நிற்கட்டும், பொருள் தானாகப் பெருகும், வரிசையும் தானாகக் கரையும் என்பது அவர் வாதம். அரசாங்கம் எதிலும் தலையிடக் கூடாது என்ற அதே தாத்தா, தம் வீட்டுப் பெண்கள் எந்த வாசல் வழியாக எத்தனை மணிக்குப் போய்வர வேண்டும் என்பதில் தாராளமாகத் தலையிடுவார். அது அன்று யாருக்கும் உறுத்தவில்லை, எனக்கும்தான்.

அந்தக் காலத்தில் காஸ் இணைப்புக்குப் பெயரைப் பதிந்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எம்.பி.க்களுக்கு மட்டும் ஒரு கூப்பன் புத்தகம் தருவார்கள். அதில் ஒரு சீட்டில் யார் பெயரையாவது எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கிழித்துக் கொடுத்தால் போதும், அவருக்கு வரிசையைத் தாண்டி உடனே இணைப்பு. தாத்தா அந்தப் புத்தகத்தைத் தொடவே மாட்டேன் என்றார். "வரிசைய உண்டாக்குதவனும் அவன்தான், அதத் தாண்ட ஏணி குடுக்கவனும் அவன்தான். நான் ஏறவும் மாட்டேன், ஏத்தி விடவும் மாட்டேன்" என்று மேடையிலேயே சொன்னார். ஊரில் பாதிப் பேர் கைதட்டினார்கள். மீதிப் பேர் காஸுக்கு வேறு எம்.பி.யைத் தேடிப் போனார்கள்.

அப்பா பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் வணிகவியல் ஆசிரியர். தாத்தா என்றால் அவருக்கு உயிர். வீட்டுக்கு யார் வந்தாலும், மற்றவர்கள் பூஜை அறையைக் காட்டுவது போல, எங்கள் அடுக்களையைக் கூட்டிப் போய்க் காட்டுவார். "சொந்த மகள் மாதிரி வளத்த பிள்ள வீட்டுக்கே அவுக ஒரு சீட்டு எழுதல. பாத்துக்கிடுங்க" என்பார். வந்தவர்கள் எங்கள் மரத்தூள் அடுப்பைப் பார்த்து உச்சுக்கொட்டுவார்கள். நடுவில் ஒரு உருளைக்கட்டையை நிறுத்தி, சுற்றிலும் மரத்தூளைக் கொட்டி இடித்து இறுக்கி, கட்டையை உருவிவிட்டுக் கீழே தீ வைக்கிற அடுப்பு அது. மழைக்காலத்தில் தூள் ஈரம் கோத்துவிட்டால் அடுப்பு எரியாது, புகையும். அப்பா பெருமையோடு கூடத்துக்குத் திரும்பிவிடுவார்.

எனக்கு ஒன்பது வயதில் நடந்தது இது. தாத்தா எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கைகழுவக் கொல்லைக்குப் போனார். அப்பா வெற்றிலை வாங்கக் கடைக்குப் போயிருந்தார். அடுக்களையைக் கடக்கும்போது, அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு இருமி மூச்சு வாங்க நின்றிருந்ததைத் தாத்தா பார்த்துவிட்டார்.

"ஏட்டி, என்ன இப்படி இருமுத?"

"புகைதான் பெரியப்பா. பழகிட்டு."

தாத்தா கூடத்துக்குப் போய்த் தம் பையை எடுத்துவந்தார். அதிலிருந்து கூப்பன் புத்தகத்தை எடுத்து, முதல் பக்கத்தைத் திறக்காமல், பின்னாலிருந்து திறந்தார். கடைசிச் சீட்டிலும், கிழித்த பின் புத்தகத்தில் தங்கும் அதன் அடிக்கட்டையிலும் அம்மாவின் பெயரை எழுதினார். கையெழுத்துப் போட்டார். சத்தம் வராமல் மெதுவாகக் கிழித்து அம்மாவின் கையில் கொடுத்தார். திருடப் போனவர் போல அவர் முகம் வேர்த்திருந்தது.

"மாப்பிள்ளைட்ட நானே பக்குவமாச் சொல்லுதேன். அதுவரைக்கும் வச்சிரு" என்றார்.

சொல்ல முடியவில்லை. மறு வாரமே பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. அப்பா வாராவாரம் போய் அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டு வருவார். தாத்தா ஏதோ சொல்ல வாயைக் கோணுவதாகவும், அது நாட்டைப் பற்றிய கவலைதான் என்றும் சொல்வார். அம்மா தலையைக் குனிந்துகொண்டு கேட்பாள். சீட்டை அவள் அலமாரித் தட்டில் விரித்திருந்த செய்தித்தாளுக்கு அடியில் வைத்திருந்தாள். என்னிடம் "யார்ட்டயும் மூச்சு விடாத" என்றாள். நானும் விடவில்லை.

இரண்டு வருடம் படுக்கையில் கிடந்து தாத்தா இறந்தார். அப்போது டெல்லியில் லைசென்ஸை ஒழிக்கிறார்கள், பெர்மிட்டைத் தளர்த்துகிறார்கள் என்று தினமும் செய்தி வந்துகொண்டிருந்தது. அவரை நேற்றுவரை பழம்பஞ்சாங்கம் என்றவர்கள்கூடத் தீர்க்கதரிசி என்றார்கள். வண்ணார்பேட்டையில் ஒரு மண்டபத்தில் இரங்கல் கூட்டம் ஏற்பாடாயிற்று. அப்பாதான் முக்கியப் பேச்சாளர்.

எல்லோரும் புகழ்ந்துவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. டீக்கடையில் ஒரு மில் தொழிலாளி அப்பாவை மறித்து, "வாத்தியாரே, அவரு சொன்ன மாதிரி எல்லாத்தையும் முதலாளி கைல விட்டா எங்க வேலைக்கு யாரு வே பொறுப்பு? கோட்டா வேண்டாம்னாரே, சொந்தக்காரனுக்கு ஒரு சீட்டுகூடவா கிழிக்கல?" என்று கேட்டுவிட்டார். அப்பா கொதித்துப்போய் வீட்டுக்கு வந்தார். அந்த நேரம் தாத்தாவின் மகன், என் மாமா, வந்திருந்தார்.

"அப்பா மேசைல கூப்பன் புத்தகம் அப்படியே கெடக்கு. மேடைல எடுத்துக் காட்டிருவோம்" என்றார் மாமா.

"காட்டுனாப் போதாது. எண்ணிக் காட்டணும். அட்டைல அம்பதுன்னு போட்டிருக்கு. ஒவ்வொண்ணா எண்ணுதேன்" என்றார் அப்பா.

அடுக்களையில் தூள் இடிக்கும் சத்தம் நின்றது. நாற்பத்தொன்பதோடு நின்றால் அப்பா கதி என்ன? அடிக்கட்டையில் அம்மாவின் பெயர் இருக்குமே, ஊர் சிரிக்குமே. அம்மாவைப் பார்த்தேன். அவள் வந்து நிலைப்படியில் நின்று, "நானும் கூட்டத்துக்கு வாரேன்" என்றாள். கல்யாணம், கோயில் தவிர எங்கும் வராதவள். பயத்தில்தான் வருகிறாள் என்று நினைத்தேன். அவள் கூட்டத்தன்று நல்ல புடவை ஒன்றை எடுத்துக் கட்டியதற்கு என்னிடம் விளக்கம் இல்லை.

கூட்டத்தில் தேவாரம் பாட என்னைத்தான் வைத்திருந்தார்கள். கிளம்புமுன் அலமாரித் தாளைத் தூக்கிச் சீட்டை எடுத்து, சட்டைக்குள் செருகிக்கொண்டேன்.

மேடையில் தாத்தாவின் படம், மாலை, குத்துவிளக்கு. படத்துக்கு முன்னால் தாம்பாளத்தில் அந்தப் புத்தகம். பாடும்போது குரல் நடுங்கியது. துக்கம் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். பாடி முடித்ததும் பூப் போடச் சொன்னார்கள். முதுகால் கூட்டத்தை மறைத்து நின்று, பின்னட்டையைத் தூக்கி, சீட்டைக் கடைசி இடத்தில் வைத்துவிட்டுப் பூவைப் போட்டேன்.

நான்கு பேர் பேசினார்கள். பிறகு அப்பா. தாத்தாவின் பொருளாதாரத்தை அவ்வளவு எளிமையாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. கடைசியில் புத்தகத்தை உயர்த்திப் பிடித்து எண்ண ஆரம்பித்தார். பின்வரிசையில் அந்த மில் தொழிலாளி எழுந்து நின்றார். முப்பதைத் தாண்டியபோது கூட்டமும் சேர்ந்து எண்ணியது. நான் பெண்கள் பக்கம் பார்த்தேன். அம்மா நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தாள்.

நாற்பத்தொன்பது.

அப்பா அடுத்ததைப் புரட்டினார். அவர் கண்கள் சீட்டில் மேலிருந்து கீழே இறங்கின. மறுபடியும் மேலே போய் இறங்கின. மைக்கில் அவர் மூச்சு மட்டும் கேட்டது. மாமா எட்டிப் பார்க்க வந்தார். அப்பா புத்தகத்தை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார்.

"அம்பது" என்றார்.

மண்டபம் அதிர்ந்தது. மில் தொழிலாளியும் கைதட்டினார். அப்பா மேலே பேசவில்லை. துக்கம் தொண்டையை அடைக்கிறது என்று பக்கத்திலிருந்தவர் தாங்கிப் பிடித்து உட்கார வைத்தார். நான் ஜெயித்துவிட்டேன். அம்மாவைப் பார்த்துச் சிரித்தேன். அவள் கைதட்டவில்லை.

டவுன் பஸ்ஸில் மூவரும் திரும்பினோம். வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா நேரே அலமாரிக்குப் போய்த் தாளைத் தூக்கிப் பார்த்தாள். அப்பா சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்து மேசையில் வைத்தார்.

"இது புத்தகத்துக்குள்ள எப்படி வந்துச்சு?"

"நான்தாம்பா வச்சேன்" என்றேன். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று அம்மாவிடம் கேட்டார்.

"அவுகளே சொல்லுதேன்னாக. வாய் போயிட்டு" என்றாள் அம்மா. "இன்னைக்கு நீங்க எண்ணும்போது நாப்பத்தொம்பதுல நிப்பிய, அடிக்கட்டைல எம் பேர வாசிப்பியன்னு நெனச்சு வந்தேன். ஊருக்கே எழுதிக் குடுக்காத மனுசன் எனக்கு எழுதிக் குடுத்தாருல்லா? நான் இருமுதது அவரு காதுல விழுந்துச்சுல்லா? அதப் போயி அம்பதுன்னு எண்ணிட்டியளே."

அப்பா சட்டையைக் கழற்றாமலே அடுக்களைக்குப் போய் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தார். உருளைக்கட்டையை எடுத்தார், அதை எந்தப் பக்கமாக நிறுத்துவது என்று அவருக்குத் தெரியவில்லை.

அம்மா அலமாரித் தாளை நீவிவிட்டபடி அழுதுகொண்டிருந்தாள். எனக்குப் பாவமாக இருந்தது. சீட்டின் அடியில் அச்சிட்டிருந்த தேதியை நான் எப்போதோ படித்திருந்தேன். அருகில் போய் அவள் கையைப் பிடித்தேன்.

"அழாதம்மா. அது தேதி முடிஞ்ச சீட்டு. இனி ஒண்ணுக்கும் ஆவாது."

அம்மா என்னைப் பார்த்தாள்.

"ஆமாட்டி" என்றாள்.

சரியான ஆறுதலைச் சொல்லிவிட்டேன் என்ற நிம்மதியோடு நான் பாவாடை மாற்றப் போனேன்.