ரெய்னர்ஸ் லேனில் ஒரு ரெக்சஸ்காரர்

ரெய்னர்ஸ் லேன் கடைத்தெருவில் குகநாதன் என்று விசாரித்தால் எந்தக் குகநாதன் என்று திருப்பிக் கேட்பார்கள். ரெக்சஸ் குகநாதன் என்றால் மீன் வெட்டுகிறவர்கூடக் கத்தியை நீட்டி வீட்டுப் பக்கத்தைக் காட்டிவிடுவார். ரெக்சஸ் என்ன, அமெரிக்காவின் எந்த மூலையிலும் அவர் கால் வைத்ததில்லை. லண்டனில் ஹரோ வட்டாரத்தில் பஸ் ஓட்டுகிறார். வேலை ஒழிந்த நேரத்தில் மற்றவர்கள் கிரிக்கெட் பார்ப்பார்கள், காணி விற்கும் விளம்பரம் பார்ப்பார்கள். இவர் அமெரிக்க மாநிலச் சட்டசபைகளின் நேரடி ஒளிபரப்பைப் பார்ப்பார்.

வாஷிங்டனில் அவருக்கு அக்கறையே கிடையாது. "அது எல்லாருக்கும் தெரிஞ்ச கூத்து. சட்டம் சமைக்கிற குசினி மாநிலத்திலதான் கிடக்கு" என்பார். நெப்ராஸ்காவில் மேலவை, கீழவை என்று இரண்டு கிடையாது, ஒரே அவைதான் என்பதும், நியூ ஹாம்ப்ஷயரில் நானூறு பேர் சபையில் உட்கார்ந்து வருடத்துக்கு நூறு டொலர் சம்பளம் வாங்குகிறார்கள் என்பதும் அவருக்கு விரல்நுனியில். கேட்பவர் கொட்டாவி விட்டால் கோபிக்கமாட்டார். "உங்களுக்குப் பசிக்குது போல" என்று நகர்ந்துவிடுவார்.

இந்தப் பைத்தியம் பிடித்தது ஒரு மத்தியானத்தில். ஷிப்டின் இரண்டு பாதிகளுக்கு நடுவே, பஸ் டிப்போ கன்டீனில் தேநீரோடு உட்கார்ந்து கைப்பேசியைத் தட்டிக்கொண்டிருந்தபோது, தவறுதலாக ஒரு காணொளி திறந்துகொண்டது. ரெக்சஸ் சட்டசபையின் ஒரு குழு அறை. வேலைத்தலத்திலிருந்து அப்படியே வந்தவள்போல ஒரு பெண் ஒலிவாங்கியின் முன்னால் நின்றாள். தன் ஊர்க் கிணறுகளில் தண்ணீர் இறங்குவதைப் பற்றிப் பேசினாள். விடியமுன்னரே புறப்பட்டுக் காரோட்டி வந்தாளாம். பேசக் கிடைத்தது மூன்று நிமிடம். மணி அடித்தது. குழுத்தலைவர் நன்றி சொன்னார். அவள் போனாள். அவள் வேண்டாம் என்ற சட்டமூலத்துக்குக் குழு அன்றைக்கே ஒப்புதல் கொடுத்தது.

குகநாதனுக்குத் தேநீர் ஆறிப்போனது. தோற்கப்போகிறோம் என்று அவளுக்குத் தெரிந்திருக்கத்தான் வேண்டும். பிறகு ஏன் வந்தாள்?

இந்தக் கேள்வி அவரை விடவில்லை. அவர் இந்த நாட்டுக்கு அகதியாக வந்தவர். அவர் இருக்கலாமா போகவேண்டுமா என்பதை எங்கேயோ ஓர் அறையில் எவரோ தீர்மானித்தார்கள். அந்த அறையின் கதவு எந்தப் பக்கம் என்பதுகூட அவருக்குத் தெரியாது. அவர் பிறந்த நாட்டிலோ சட்டம் என்பது இரவோடு இரவாக வந்து மனிதரைத் தூக்கிக்கொண்டு போகும் ஒன்று. சட்டம் செய்கிறவர்களின் எதிரே போய் நின்று, பெயரைச் சொல்லி, "இது பிழை" என்று ஒரு சாதாரண மனுஷி சொல்வதை அன்றுதான் அவர் முதல்முறையாகக் கண்டார்.

அதன் பிறகு எல்லா மாநிலமும் பார்த்தார். அபிப்பிராயங்கள் வளர்ந்தன. தண்டனையை முடித்தவர்களுக்கு வாக்குரிமையைத் திருப்பிக் கொடு என்று புளோரிடா மக்கள் வாக்களித்தார்கள். அபராதத்தையும் நீதிமன்றக் கட்டணத்தையும் முழுக்கக் கட்டினால்தான் வாக்கு என்று சட்டசபை பிறகு ஒரு கொக்கி போட்டது. இதைச் சொல்லும்போது அவர் குரல் ஏறும். ஏறத்தான் வேண்டும். வறியவனுக்கு ஒரு கதவைத் திறந்து, அதே கதவில் பூட்டும் போடுகிற இந்தத் தந்திரத்துக்கு நாகரிகமான பெயர் வைத்துப் பேசுவதுதான் அநியாயம்.

தனியார் பள்ளிக்கூடக் கட்டணத்துக்கு ரெக்சஸ் அரசு பொதுப்பணம் கொடுக்கும் சட்டம் வந்தபோது, சிநேகிதர் லெட்சுமணனோடு மாதக்கணக்கில் வாதம் நடந்தது. லெட்சுமணன் மலேசியத் தமிழர். படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட கணக்காளர். இருவரும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தை நடத்துகிறவர்கள்: குகநாதன் தலைவர், லெட்சுமணன் பொருளாளர்.

"பெத்தவங்க கட்டின வரி, பெத்தவங்க இஷ்டம். இதுல உங்களுக்கு என்னங்க நஷ்டம்?" என்பார் லெட்சுமணன்.

"எனக்கென்ன நட்டம்? நான் ரெய்னர்ஸ் லேன்காரன்."

"அதான் நானும் கேக்கிறேன்."

இப்படியிருக்க, போன வருடம் ரெக்சஸில் இன்னொரு சட்டம் வந்தது. அரசாங்கப் பள்ளிக்கூடங்களின் ஒவ்வொரு வகுப்பறையிலும் பைபிளின் பத்துக் கட்டளைகளை மாட்டவேண்டும். குகநாதனின் அக்கா மகள் றொசாந்தி ஹூஸ்டனில் இருக்கிறாள். அவள் பிள்ளைகள் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் கணக்குப் படிக்கப்போகிறார்கள். செய்தியைப் பள்ளிக்கூடத்துப் பெற்றோரின் வாட்ஸப் குழுவில் போட்டார். வழக்கமாக அவர் போடும் எதற்கும் ஒரு கைகூப்பும் படம்தான் பதிலாக வரும். இம்முறை குழு கொதித்தது. சைவப் பிள்ளையின் தலைக்கு மேலே எவன் வேதத்தை மாட்டுவது? குகநாதன் சொன்னது சரி என்று முதன்முறையாக எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.

அடுத்த சனிக்கிழமை, ஆசிரியர்கள் தேநீர் குடிக்கும் அறையில் இம்மாகுலேற் ரீச்சர் அவருக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். பெரிய வகுப்புக்குத் தமிழ் படிப்பிக்கிறவர். கத்தோலிக்கர். அவருடைய மகள் பெனிற்றா அந்த வகுப்பில்தான் படிக்கிறாள்.

"அண்ணை, உங்கட ரெக்சஸ் விஷயம் வாசிச்சனான். நீங்கள் சொன்னது சரி."

"ஓம், பாருங்கோ ரீச்சர், என்ன அநியாயம்."

"ஒண்டு கேக்கட்டோ? சண்டைக்கு இல்லை, அறியத்தான். அங்க சுவரில மாட்டுறது என்ர வேதம். அது பிழை எண்டு நானும் சொல்லுறன். இஞ்ச ஒவ்வொரு சனியும் காலமை கூட்டத்தில என்ர பிள்ளை நிண்டு பாடுறது உங்கட தேவாரம். அதுக்கு என்ன சொல்லுறியள்?"

"அது வேற, ரீச்சர். அது எங்கட பண்பாடு."

சொல்லி முடிக்கவும் குகநாதனுக்குக் காது சுட்டது. ரெக்சஸில் அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர்கள் ஒலிவாங்கியின் முன்னால் சொன்னதும் இதைத்தான்: மதமில்லை ஐயா, எங்கள் மரபு, எங்கள் சரித்திரம்.

பெனிற்றா சில வாரங்களாகத் தேவாரத்துக்கு வாயசைப்பதை நிறுத்தியிருந்தாள். யாரோ ஒரு தாய் அதைக் கவனித்து முறையிட்டிருந்தார். பொதுக்கூட்டத்துக்கு லெட்சுமணன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்: தேவாரம் காலைக் கூட்டத்தில் தொடரும்; விருப்பமில்லாத பிள்ளை முடியும்வரை வெளியே கொறிடோரில் நிற்கலாம். நியாயம்தானே என்றார்கள் பலர். தீர்மானம் நிறைவேறினால் மகளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று இம்மாகுலேற் அமைதியாகச் சொன்னார். அவர் போனால் பெரிய வகுப்பும் போகும்.

குகநாதனுக்கு இன்னொரு சங்கடமும் இருந்தது. இருபது வருடமாக அந்தத் தேவாரத்தை முன்னின்று பாடுகிறவர் அவருடைய மனைவி சயந்தினி.

அவருக்குத் தெரிந்த ஒரே வழியை அவர் எடுத்தார். பொதுக்கூட்டத்தை ரெக்சஸ் குழு விசாரணைபோல நடத்துவது என்று அறிவித்தார். யாரும் பேசலாம், ஆளுக்கு மூன்று நிமிடம், நடுவில் குறுக்கீடு கிடையாது. அங்கே சாட்சி சொல்கிறவர் ஆதரவு என்றோ எதிர்ப்பு என்றோ பதிவார். இரண்டும் இல்லாமல், தெரிந்ததைச் சொல்லிவிட்டுப் போகவும் பதியலாம். இந்த மூன்றாவது வகையில் குகநாதனுக்குத் தனிப் பிரியம். தமிழர் கூட்டத்தில் இதுவரை அப்படி ஒரு ஆளை அவர் கண்டதில்லை.

"மூண்டு நிமிசமோ?" என்றார் ஒரு தகப்பன். "மேடையில இருக்கிற ஆக்களுக்கு வணக்கம் சொல்லவே காணாதே."

"வணக்கத்தை விட்டுப்போட்டுக் கதையுங்கோ."

மூன்று நிமிடத்தில் அடிக்கும்படி முறுக்கிய குசினி மணிக்கூட்டை மேசையில் வைத்து விசாரணை தொடங்கியது. முதலில் பேசியவர் யாழ்ப்பாணத்தில் தொடங்கி, மணி அடிக்கும்போது இன்னும் கட்டுநாயக்கா விமான நிலையத்தைத் தாண்டவில்லை. லெட்சுமணன் கச்சிதமாகப் பேசினார். "யாரையும் நாம வற்புறுத்தலையே. வெளிய நிக்க அனுமதி குடுக்கிறோம். இதைவிட என்ன செய்யறது?"

பெனிற்றா எழுந்து வந்தாள். கையில் தாள் எதுவும் இல்லை.

"அங்கிள், ஆன்ரி எல்லாருக்கும். உள்ள நிண்டால் ஏன் பாடேல்லை எண்டு கேப்பீங்கள். கொறிடோரில நிண்டால் ஏன் வெளியில நிக்கிறாய் எண்டு சின்னப் பிள்ளையள் கேக்கும். நான் ஒவ்வொரு கிழமையும் அதுகளுக்கு என்ர சமயத்தை விளங்கப்படுத்தோணும். மற்ற நாளில ஸ்கூலில நான் தமிழ்ப் பிள்ளை. இஞ்ச வந்தால் கிறிஸ்டியன் பிள்ளை. நான் தமிழ் படிக்கத்தான் வாறனான். அவ்வளவுதான். நான் சொன்னதுக்காக நீங்கள் மாத்தமாட்டீங்கள் எண்டு தெரியும். நான் இஞ்ச இருந்தனான் எண்டு உங்களுக்குத் தெரியோணும்."

நேரம் நிறைய மிச்சமிருக்கும்போதே போய் உட்கார்ந்தாள். குகநாதன் மணிக்கூட்டை நிறுத்த மறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த பெயரைக் கூப்பிடுமுன் அவர் தாளை இன்னொரு முறை பார்த்தார். சயந்தினி. மூன்றாவது வகையில் பதிந்திருந்தார்.

"எனக்கு ஆதரவும் இல்லை, எதிர்ப்பும் இல்லை. நடந்ததைச் சொல்லுறன். பள்ளிக்கூடம் தொடங்கேக்க எங்களிட்ட இருந்தது ஒரு வாடகை ஹோல்தான். பிள்ளையள் ஒரே சத்தம். மணி அடிக்கக் கூடாது எண்டு ஹோல்காரர் சொல்லிப்போட்டினம். கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிப்போச்சு. ஒருநாள் கத்துறதுக்குப் பதிலாத் தேவாரம் பாடினன். எல்லாம் அடங்கிச்சுதுகள். அடுத்த கிழமையும் பாடினன். சமயத்துக்கெண்டு ஆரும் தொடங்கேல்லை. பிறகு வந்த ஆக்கள்தான் கையைக் கூப்பச் சொன்னது, திருநீறு கொண்டுவந்தது."

மணி அடிக்க இன்னும் கொஞ்சம் இருந்தது.

"ஆனா ஒண்டு. இப்ப அது இல்லாட்டி எனக்கு இந்தப் பள்ளிக்கூடத்தில ஒரு வேலையும் இல்லை. அதையும் சொல்லத்தான் வேணும்."

இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் குகநாதன் இதைக் கேட்டதில்லை. மனைவியிடம் இப்படி ஒன்றை அவர் விசாரித்ததே இல்லை. உலகத்தின் மறுபக்கத்து மனிதர்கள் ஏன் பேசுகிறார்கள் என்று தலையை உடைத்தவருக்கு, சமையலறைக்குள் ஒரு சாட்சி இருந்தது தெரியாமல் போயிற்று. புனிதம் என்று ஊரே கட்டிப்பிடித்திருந்த வழக்கம், தொண்டை கட்டிய ஒரு ஆசிரியையின் உபாயமாகப் பிறந்திருக்கிறது. எத்தனை புனிதங்களின் பிறப்பைத் தோண்டினால் இப்படி ஒரு தொண்டைக்கட்டு வெளிவரும்?

இம்மாகுலேற் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்: காலைக் கூட்டத்தில் எந்தச் சமயப் பாட்டும் வேண்டாம், விரும்புகிற பிள்ளைகளுக்குத் தேவாரம் தனி வகுப்பாக இருக்கட்டும். கைகளை எண்ணினார்கள். சரிபாதி. சயந்தினி இரண்டு பக்கமும் கை தூக்கவில்லை. எல்லாரும் தலைவரைப் பார்த்தார்கள்.

"இப்ப சொல்லுங்க ரெக்சஸ்," என்றார் லெட்சுமணன், மெதுவாகத்தான்.

குகநாதன் மனைவியைப் பார்த்தார். சயந்தினி கைப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார். குகநாதன் திருத்தத்துக்குக் கை தூக்கினார். யாரும் கைதட்டவில்லை. இரண்டு குடும்பம் எழுந்து போனது.

அன்றிரவு வீட்டில் சண்டை இல்லை. சோறும் இல்லை. "ரெக்சஸில போய்ச் சாப்பிடுங்கோ" என்ற ஒரு வசனத்தோடு சயந்தினி மேல்மாடிக்குப் போய்விட்டார். குகநாதன் பாண் துண்டுகளை வாட்டிச் சம்பலோடு தின்றார். சயந்தினி கேட்டது தன்னுடைய இடத்தை. அவர் கொடுத்தது ஒரு கொள்கையை. கொள்கை சரி என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. சரியான பக்கம் நிற்பதற்குச் சொந்த வீட்டிலிருந்து இவ்வளவு எடுத்துக் கொடுக்கவேண்டியிருக்கும் என்பதை எந்தக் குழு ஒளிபரப்பும் காட்டியதில்லை.

சனிக்கிழமை வந்தது. காலைக் கூட்டத்தில் எதைக் கொண்டு தொடங்குவது என்று யாருக்கும் தெரியவில்லை. பிள்ளைகள் சளசளத்தார்கள். கடைசியில் குகநாதன் "எல்லாரும் வகுப்புக்குப் போங்கோ" என்றார், போனார்கள். பெனிற்றா தன் வகுப்பில் கட்டுரையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். தேவார வகுப்புக்குக் கடைசி அறை கொடுத்திருந்தார்கள். அதை நோக்கி நடந்த குகநாதன் வழியில் லெட்சுமணனைக் கண்டார். அவருடைய பிள்ளைகள் இரண்டும் மைதானத்தில் பந்தடித்துக்கொண்டிருந்தன.

"என்ன, உங்கட ஆக்கள் தேவாரத்துக்குப் போகேல்லையோ?"

"கேட்டுப் பார்த்தேன். வரலைன்னு சொல்லிட்டாங்க." லெட்சுமணன் மைதானத்தைப் பார்த்தபடி சொன்னார். "வற்புறுத்த முடியுங்களா?"

குகநாதன் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார்.

கதவுக் கண்ணாடி வழியே பார்த்தார். ஒரு சில பிள்ளைகள்தான். சயந்தினி பாடவில்லை. ஒரு சிறுமி பாட, இவர் கையை உயர்த்தி நிறுத்தி, அதே அடியைத் திரும்பப் பாடச் சொல்லி, சுருதியைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். காலைக் கூட்டத்தில் அவர் யாரையும் நிறுத்தித் திருத்தியதைக் குகநாதன் கண்டதில்லை.

வீடு திரும்பும்போது கார் பாதி வழி வந்துவிட்டது. அப்போது சயந்தினியே வாய் திறந்தார்.

"உதில ஒரு பெட்டைக்கு நல்ல சாரீரம். நாலு வருசமா எனக்கு முன்னால நிண்டு பாடியிருக்கிறாள். அந்தக் கும்பல் சத்தத்தில எனக்குக் கேக்கேல்லை."

"ஆற்ற பிள்ளை?"

"கதைக்காதேங்கோ. எனக்கு இன்னும் கோவம்தான்." அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். கொஞ்சத் தூரம் போனபின், கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார்: "அடுத்த கிழமை அந்த அறைக்கு ஒரு ஹீற்றர் வேணும். பிள்ளையளுக்குக் குளிருது."