எங்கள் லேசர் லேப் கௌரி

கௌரி இறந்துவிட்டாள்.

காலையில் அவள் தம்பி போன் செய்தார். "அக்கா போயிடுச்சுக்கா..." 

புற்றுநோய். எதிர்பார்த்ததுதான். இருந்தாலும்...

அவளைத் தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன். தொண்ணூறுகளில் திருப்போரூர் பக்கம் ஒரு கல்லூரியின் லேசர் லேபில் நானும் அவளும் ஒன்றாகப் பிஎச்டி சேர்ந்தோம். நான் கல்பாக்கம் அணுமின் நிலையக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அவள் திருப்போரூர்க்காரி, விவசாயக் குடும்பம்.

கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசரை ஒரு கிரிஸ்டலுக்குள் செலுத்தினால், கோணம் சரியாக அமைந்தால், மறுபக்கம் பச்சை ஒளி வரும். அந்தப் பச்சையை வரவைப்பதுதான் எங்கள் வேலை.

ஒரு மத்தியானம் ஏசி ஓடவில்லை. ஆவி படிந்த பாதுகாப்புக் கண்ணாடியைத் துடைக்கக் கழற்றினாள். எதிலோ பட்டுத் திரும்பிய லேசர் அவளுடைய வலது கண்ணுக்குள் போய்விட்டது.

கத்தவில்லை. சுவரையே பார்த்தாள். "காலண்டர்ல நடுவுல மட்டும் இன்னாவோ கருப்பா கீதுடி..."

செங்கல்பட்டு ஆஸ்பத்திரி போகும்வரை பஸ்ஸில் என் கையை விடவில்லை. விழித்திரையின் நடுப்பகுதி வெந்துவிட்டது, அந்தப் பார்வை திரும்பாது என்றார் டாக்டர். "இந்தக் கண்ணு நல்லா கீதா சார்?" அவ்வளவுதான் கேட்டாள்.

அப்போது அவளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். விஷயம் தெரிந்ததும் மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கிவிட்டார்கள்.

அதைப் பற்றி என்னிடம் ஒரே ஒருமுறை பேசினாள். மாமல்லபுரம் கடற்கரையில்.

"ஒரு தபா நேர்ல வந்து பாத்துட்டு வேணாம்னு சொல்லியிருக்கலாம்ல..."

ரொம்ப நேரம் அழுதாள்.  பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் ஆராய்ச்சி கைடு அக்கறையோடுதான் சொன்னார், கம்ப்யூட்டர் வேலைக்கு மாறிக்கொள்ளம்மா என்று.

"லேசர் டேபிள்தான் வேணும் சார். பயமாத்தான் கீது. ஆனா வேணும்."

லேபுக்குத் திரும்பி வந்து முதல்முறை லேசரை ஆன் செய்யும்முன் கண்ணாடியை இரண்டு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

அதன்பிறகு யார் கண்ணாடி போடாமல் உள்ளே வந்தாலும் வாசலிலேயே நிறுத்திவிடுவாள். கைடையும்தான்.

இரண்டாயிரங்களில் நான் சிறுசேரியில் சாஃப்ட்வேர் வேலைக்குப் போய்விட்டேன். அவள் அங்கேயே இருந்தாள். அதே பச்சையை இப்போது ஒரு சின்னச் சிப்பில், தலைமுடியைவிட மெல்லிய பாதைக்குள் வரவைக்க வேண்டும். வருடக்கணக்காக வரவில்லை. உடைந்த சிப்புகள்தான் மிச்சம்.

ஒரு சனிக்கிழமை சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று போயிருந்தேன். அன்றைக்கு வந்தது. சிப்பின் ஓரத்தில் எள்ளளவு பச்சை.

லேப் விளக்கை அணைத்து இன்னொரு முறை குனிந்து பார்த்தாள். பிறகு லேப் போனில் அம்மாவைக் கூப்பிட்டாள்.

"அம்மா... வந்துடுச்சும்மா."

"இன்னாடி வந்துச்சு, கரண்ட்டா?"

"இல்லம்மா, பச்சை."

"சரி... நாஸ்தா துன்னியா?"

போனை வைத்துவிட்டுச் சிரித்தாள். இரண்டு கண்ணிலும் தண்ணீர்.

போன மாதம் வீட்டில் போய்ப் பார்த்தேன். மெலிந்து கிடந்தாள். "அடுத்த தபா வந்தா ராத் தங்கிட்டுப் போடி" என்றாள். சரி என்றேன்.

மதியம் எடுக்கிறார்களாம். நான் பஸ்ஸில் இருக்கிறேன். கேளம்பாக்கத்தில் டிராஃபிக்...

வந்துகிட்டே இருக்கேன் கௌரி. கொஞ்சம் இருடி.