பறி கடித்த பல்

காலையில் எழுந்ததும் வாயில் கெட்டுப்போன இறாலின் வாடை அடித்தது. மேல்வரிசை முன்பல்லுக்கு மேலே, ஈறில் மிளகளவு கொப்புளம். விரலால் அழுத்தினேன், சீழ் வந்தது. பயத்தைவிடக் கோபம்தான் எனக்கு அதிகம் வந்தது. அந்தப் பல்லுக்கு வைத்தியம் முடித்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் நான்கு தடவை வாயைப் பிளந்து உட்கார்ந்து செய்துகொண்ட வேர் சிகிச்சை அது (பல்லுக்குள் செத்த நரம்பை எடுத்து, குழியைச் சுத்தம் செய்து அடைப்பது). எழுபதுகளின் நடுவில் எங்கள் பக்கத்தில் பல் வலித்தால் பிடுங்குவார்கள், அவ்வளவுதான். ஆரம்பாக்கத்தில் ரயிலேறிப் போய்ப் பல்லைக் காப்பாற்றிக்கொண்டு வந்தவள் எங்கள் குப்பத்தில் நான் ஒருத்திதான். அதற்கே ஊரெல்லாம் கேலி.

என் கணவர் ஏழுமலை கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புக் கம்பெனியில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார். "ஒரு பல்லுக்கு இவ்ளோ பேஜாரா? புடுங்கிப் போட்டுட்டு வேலயப் பாரு" என்றார்.

"உன் வெரலு சீழு புடிச்சா வெட்டிப் போட்டுக்கினு வருவியா?" என்று கேட்டேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார்.

நான் ஏரியில் இறால் தடவுகிறவள். மண்டிபோட்டால் மார்பளவு வரும் தண்ணீரில் நகர்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவிப் பிடிக்க வேண்டும். பிடித்ததைப் போட்டுவைக்கும் பனையோலைக் கூடையைப் பறி என்போம். அதன் கயிற்றை முன்பல்லில் கடித்துக்கொள்வோம். கழுத்தில் மாட்டினால் குனியும்போது கவிழ்ந்துவிடும். பல் போனால் சொல் போச்சு என்பார்கள். சொல் போனால் போகட்டும், ஏரியை விட்டுவிட நான் தயாராக இல்லை.

மறுபடி பட்டணம் போனேன். டாக்டர் அடைப்பைத் திறந்து, கழுவி, மருந்து வைத்து மூடினார். கெட்டியாக எதையும் கடிக்காதே என்றார். நானும் கூழும் குழைந்த சோறுமாகவே கிடந்தேன். ஐந்தாம் நாள் ஏரியில் இறங்கினேன். ஒரு மாதத்தில் அதே வாடை, அதே கொப்புளம். திரும்பவும் ரயிலேறினேன்.

"சொன்னபடி இருந்தீங்களாம்மா? முறுக்கு, எலும்பு ஏதாவது...?" என்றார் டாக்டர்.

"கூழு குட்ச்சிக்கினு கெடக்குறேன் டாக்டர். மீனக்கூட முள்ளெடுத்து மசிச்சித்தான் துன்றேன்" என்று கத்திவிட்டேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சின்னக் கண்ணாடியைப் பல்லுக்குப் பின்னால் வைத்து வெகுநேரம் பார்த்தார். "அடைப்புல ஒரு கோடு விழுந்திருக்கு. இது சாப்பாட்டால வர்றது இல்ல. தையல் வேலையா? நூல் கடிப்பீங்களா?"

"எறா தடவுறேன். பறியப் பல்லுலதான் புடிச்சிக்கினு இருப்போம்."

கையிலிருந்த கருவியைத் தட்டில் வைத்தார். பறி தின்னும் பொருள் இல்லையே, அதைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பிறகு அவர் விளக்கினார். எல்லார் வாயிலும் பாக்டீரியா (கண்ணுக்குத் தெரியாத கிருமி) உண்டு. அடைப்பில் விரிசல் விட்டால் அவை உள்ளே போய் வேரின் நுனியில் குடியேறிவிடும். மாத்திரை விழுங்கினாலும் மருந்து ரத்தத்தோடுதான் ஓடும். செத்த பல்லுக்குள் ரத்தம் ஏது?

"புடுங்கிடலாம். இல்லன்னா ஈறைக் கீறி வேரோட நுனிய வெட்டி எடுத்துப் பாக்கலாம். எதைச் செஞ்சாலும் இனிமே பறியக் கடிக்கக் கூடாது."

பறிக்காகத்தான் பல்லோடு மல்லுக்கு நின்றேன். இப்போது பல் நின்றாலும் பறி இல்லை. ரயிலில் மீஞ்சூர் வரை அழுதேன். அதற்குப் பிறகு அழுகை நின்று பழைய கோபம் திரும்பியது. பல்லும் என்னுடையது, ஏரியும் என்னுடையது. எதையும் விட மாட்டேன் என்று முடிவு செய்தேன்.

வேரின் நுனியை வெட்டும் அறுவை சிகிச்சை முடிந்து முகம் ஒரு பக்கம் பூசணிக்காய்போல வீங்கியது. மூன்று மாதம் தண்ணீரில் இறங்கவில்லை. பிறகு எடுத்த எக்ஸ்ரே படத்தைக் காட்டி, எலும்பு கூடி வருகிறது என்றார் டாக்டர். பல் கறுத்துவிட்டது, இருக்கட்டும்.

பறிக்குப் பதிலாக ஓர் அலுமினியக் குண்டானின் வாயில் பழைய வலைத்துண்டைக் கட்டி, இடுப்புக் கயிற்றில் பிணைத்து மிதக்கவிட்டேன். முதல் நாளே காற்றில் கவிழ்ந்து பாதி இறால் போய்விட்டது. என் ஓரகத்தி கன்னியம்மா பறியைக் கடித்தபடியே மூக்கால் சிரித்தாள். நான்கு வாரம் சிரித்தார்கள். குண்டானின் அடியில் ஈயக் குண்டு கட்டியதும் கவிழ்வது நின்றது, சிரிப்பும் நின்றது.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். என்ன தின்கிறீர்கள் என்பதோடு நிறுத்தாமல், உங்கள் வாய் என்னென்ன வேலை செய்கிறது என்று டாக்டரிடம் சொல்லுங்கள். ஆணியோ, ஊசியோ, கயிறோ, எதுவானாலும் சொல்லுங்கள்.

முன்பெல்லாம் தாடை வலித்தால் கரையேறும் நேரம் என்று தெரியும். எனக்கு வேறு கடிகாரம் கிடையாது. இப்போது தாடை வலிப்பதில்லை. வாய் சும்மா இருப்பதால் தண்ணீரில் பேசுகிறேன், வைகிறேன், பாடக்கூடச் செய்கிறேன். பதில் சொல்ல யாருக்கும் வாய் இல்லை.

அன்றொரு நாள் கன்னியம்மா பறியை வாயிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, தாடையைத் தடவியபடி கேட்டாள்: "இன்னாக்கா, கரையேற நேரம் ஆவலியா?"

"ஆவட்டும்" என்றேன்.