என் வீட்டுக்கு ஆள் வரவிடாத மரியபுஷ்பம்

நாயுடுபுரத்தில் கறிக்கடை வாசலில் நின்றிருந்தபோதுதான் மரியபுஷ்பம் இறந்த செய்தி வந்தது. கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "உங்களுக்கும் அவங்களுக்கும்தான் ஆகாதேண்ணே," என்றார். உண்மைதான், ஆகாது. அவரைத் தெரிந்த நீங்கள் எல்லோரும் அழுது அஞ்சலி எழுதுவீர்கள். நான் அப்படி எழுதினால் அவரே எழுந்து வந்து என்னை ஏசுவார்.

கொடைக்கானலில் குடியேற வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு வீடு பார்த்துக் கொடுப்பது அவர் தொழில். எங்களைப் போன்ற வீட்டுக்காரர்களுக்கு அவரே பெரிய தலைவலி. ஜன்னல் வழியாக நான் பள்ளத்தாக்கைக் காட்டிக்கொண்டிருப்பேன். அவர் சுவரில் கையை வைத்துப் பார்ப்பார். வந்தவர்களிடம் இங்கிலீஷில் சொன்னதை எனக்காகவே தமிழில் இன்னொரு முறை சொல்வார். "ஐப்பசில இந்தச் சொவரு கசியும், கட்டில இங்க போடாதீங்க. வெள்ளனே கதவத் தெறக்காதீங்க, காட்டுமாடு நிக்கும். கேஸ் சிலிண்டர் வாங்க விலாசத்துக்கு அத்தாட்சி கேப்பாங்க. வாயால சொன்னத நம்பாதீங்க, எழுதி வாங்குங்க." வந்தவர்கள் என்னைச் சந்தேகமாகப் பார்ப்பார்கள்.

ஒருநாள் பொறுக்க மாட்டாமல், "ஏம்மா, நாங்க என்ன திருடங்களா?" என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "எங்கப்பாவும் நம்பித்தாண்ணே வந்தாரு. சிலோன்ல தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டக் காலி பண்ணிட்டுக் கப்பல்ல வந்து எறங்குனோம். வீடு தர்றேன்னு ஒரு கான்ட்ராக்டர் மலைக்குக் கூட்டியாந்தான். சீகை மரக் காட்டுல ஒரு தார்ப்பாய்தான் கெடந்துச்சு," என்றார். எவனோ செய்ததற்கு எங்கள் தலையை உருட்டுகிறார் என்றுதான் அப்போதும் நினைத்தேன்.

அதன் பிறகு அவருக்குத் தெரியாமலே மாடியை ஒரு வெள்ளைக்காரத் தம்பதிக்கு விட்டேன். அவர்களுக்கு ஒரு மகள், இங்கேயே பள்ளியில் சேர்த்திருந்தார்கள். வெளிநாட்டவர் குடிவந்தால் வீட்டுக்காரர் உடனே அரசாங்கத்தில் பதிய வேண்டும். நான் பதியவில்லை. அனுமதி வாங்காமல் கட்டிய மாடி அது. பதிந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அவர்கள் கேட்கும்போதெல்லாம் "ஆச்சு, ஆச்சு" என்று சமாளித்தேன். தங்கும் அனுமதியை நீட்டிக்கப் போனபோது, அவர்கள் எங்கே குடியிருந்தார்கள் என்பதற்கே பதிவில்லை. அதிகாரிகள் நாட்டைவிட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள்.

யார் சொல்லியோ அவர்கள் மரியபுஷ்பத்திடம் ஓடினார்கள். அவர் மூச்சிரைக்க என் வீட்டுக்கு வந்தார். "வெரசாக் கெளம்புங்கண்ணே. தப்பு உங்களுதுன்னு ஆபீஸ்ல ஒரு வார்த்தை சொல்லுங்க. அந்தப் புள்ள படிப்பு கெட்டுப்போகும்," என்றார். நீங்கள் முன்னே போங்கள், வருகிறேன் என்றேன். போகவில்லை. எனக்காக அவர் பஸ் ஸ்டாண்டில் மத்தியானம் வரை நின்றாராம். அந்த மாதமே அந்தக் குடும்பம் ஊரைவிட்டும் நாட்டைவிட்டும் போய்விட்டது. அவர்கள் மகள் தன் சைக்கிளைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போனாள்.

அன்றிலிருந்து வீடு தேடி யார் வந்தாலும் அவர்களை என் கேட் முன்னால் நிறுத்துவார். நான் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாலும் கவலைப்பட மாட்டார். "வீடு நல்ல வீடுதான். ஆளுதான் கூப்பிட்டா வர மாட்டாரு," என்று உரக்கச் சொல்லிவிட்டு நடப்பார். நானும் சும்மா இருக்கவில்லை. கமிஷனுக்கு அலைகிறவள் என்று ஊரெல்லாம் சொன்னேன். என்னைப் பற்றி அவர் சொன்னதில் பொய் இல்லை, அதனால்தான் எரிந்தது. இன்னும் எரிகிறது.

அடக்கத்துக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை. போனேன். கல்லறைத் தோட்டத்தில் எல்லோருக்கும் பின்னால் தள்ளி நின்றேன். அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது, 'கூப்பிட்டா வர மாட்டாரு' என்ற அந்த ஒரு வரிதான். அதைப் பொய்யாக்கத்தான் போயிருந்தேன். ஆனால் நான் வரவேண்டிய இடமும் அதுவல்ல, நாளும் அதுவல்ல.