விமானத்தின் மூக்கும் என் கைகளும்

ரெட்டியார்சத்திரத்தைத் தாண்டி, ஒட்டன்சத்திரம் சாலையோரம் எங்கள் ஃபைபர் பட்டறை இருந்தது. பஸ்ஸின் முன்பக்கத்தைக் கண்ணாடி இழைத் துணியிலும் ரெசின் என்ற பசையிலும் செய்து கொடுத்தோம். அச்சு செய்வது என் வீட்டுக்காரர் வேலை. அச்சுக்குள் துணியைப் படிய வைத்து, பிரஷ்ஷால் ரெசின் பூசுவது என் வேலை. கல்யாணமான புதிதில் சும்மா இருக்கப் பிடிக்காமல் கை வைத்தேன். பிறகு அதுவே என் தொழிலாகிவிட்டது.

செல்போன் பரவத் தொடங்கியிருந்த காலத்தில் பெங்களூரிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்தார். பழனிப் பக்கத்துக்காரர். ஊருக்குப் போகும்போதெல்லாம் பஸ் ஜன்னல் வழியாக எங்கள் பட்டறையைப் பார்த்திருக்கிறார்.

"பஸ்ஸுக்கு மூஞ்சி செய்றீங்க. விமானத்துக்கு மூக்குச் செஞ்சு தர முடியுங்களாண்ணே?"

கேலி செய்கிறார் என்றுதான் என் வீட்டுக்காரர் நினைத்தார். "பஸ்ஸு நின்னுபோனா எறங்கித் தள்ளிக்கலாம். அத எப்பிடித் தம்பி தள்ளுறது?"

இன்ஜினியர் சிரித்துவிட்டு விளக்கினார். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று, அலுமினியத்துக்குப் பதிலாக கார்பன் துணியையும் எபாக்ஸி என்ற பசையையும் கொண்டு ஒரு புதிய பயணிகள் விமானத்தை உருவாக்கிக்கொண்டிருந்தது. அதன் மூக்குப் பகுதியை வடிவமைப்பது இவருடைய அலுவலகம். கம்ப்யூட்டரில் வரைந்தது மட்டும் போதாது. பைலட்டுகள் உள்ளே உட்கார்ந்து எது தெரிகிறது, எது மறைகிறது என்று சொல்ல, அசல் அளவில் ஒன்று வேண்டும். வளைவுகளில் துணி சுருங்காமல் படிகிறதா என்பதையும் அதிலேயே பார்த்துவிடலாம்.

"பறக்கப் போறதில்லைங்கண்ணே. ஆனா பறக்கிறது மாதிரியே இருக்கோணும்."

முதலில் மூக்கின் உருவத்தைச் செய்தோம். ப்ளைவுட்டை வரைபடப்படி அறுத்து விலா எலும்புகளைப் போல நிறுத்தி, இடையில் ஃபோம் அடைத்து, பட்டி பூசித் தேய்த்து, பெயிண்ட் அடித்தோம். பக்கத்தில் ட்யூப் லைட்டைப் பிடித்தால் அதன் மேல் விழும் வெளிச்சக் கோடு நெளியாமல் ஓட வேண்டும். நெளிந்தால் அங்கே மேடோ பள்ளமோ இருக்கிறது. அந்தக் கோட்டைத் துரத்தியே என் வீட்டுக்காரர் ஒரு மழைக்காலத்தைக் கழித்தார். அந்த உருவத்தின் மேல் அச்சு எடுத்த பிறகு என் வேலை ஆரம்பமானது.

ரேடார் உட்காரும் நுனிக்கு மட்டும் கண்ணாடி இழைத் துணி. கார்பன் ரேடார் அலைகளை மறித்துவிடுமாம். மற்ற இடமெல்லாம் கறுப்புக் கார்பன் துணி. பறவை வந்து மோதினாலும் தாங்க வேண்டும் என்று கண்ணாடிச் சட்டங்களைச் சுற்றி அடுக்கின் மேல் அடுக்கு. பக்கக் கண்ணாடியின் கீழ் மூலையில் மட்டும் எப்படி வைத்தாலும் மடிப்பு விழுந்தது. குறுக்கே திருப்பி வைத்துப் பார்த்தோம், கீறி வைத்துப் பார்த்தோம். இன்ஜினியர் குனிந்து தடவிப் பார்த்தார். "துணி மேல தப்பில்லீங்கக்கா. நான் வளைச்சது அதிகம்" என்றார். பெங்களூர் போய் அந்த மூலையைச் சற்று விரித்து வரைந்துகொண்டு வந்தார். நாங்களும் அச்சில் அந்த இடத்தை மாற்றினோம்.

பஸ்ஸுக்குப் போடும் ரெசின் நெடி மூக்கைத் துளைக்கும். எபாக்ஸிக்கு வாசனையே தெரியவில்லை. அதனால் அது சாதுவானது என்று நம்பினேன். கையுறைகள் பிசுபிசுத்துக் கிழிந்துகொண்டே இருந்தன. மணிக்கட்டில் அரிப்பெடுத்தபோது வேர்க்குரு என்று பவுடர் போட்டுக்கொண்டேன். ஒருநாள் காலையில் கண்ணைத் திறக்க முடியவில்லை. முகம் முழுக்க வீங்கியிருந்தது.

மதுரையில் ஒரு தோல் டாக்டர் பார்த்தார். "இது அலர்ஜிம்மா. இனிமே அந்தப் பசை இருக்கிற எடத்துக்கே நீங்க போகக் கூடாது."

"எம்புட்டு நாளைக்கு சார்?"

"எப்பவுமேதான்."

திரும்பி வரும் பஸ்ஸில், சின்னாளப்பட்டி தாண்டியதும் என் வீட்டுக்காரர் சொன்னார்: "அத திருப்பிக் குடுத்துருவோம். விமானமும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

"பாதி மூக்க எப்பிடித் திருப்பிக் குடுப்பீங்க?" என்றேன். அழுதுகொண்டுதான் சொன்னேன்.

செய்தி தெரிந்து இன்ஜினியர் மறுநாளே வந்துவிட்டார். கொடுத்த காப்பியைக் குடிக்காமல் கீழே வைத்தார். "பறவை மோதினா என்ன ஆகும்னு அத்தன கணக்குப் போட்டேன். உங்க கைய நெனைக்கலீங்கக்கா. வேலைய நிறுத்திரலாம். ஆபீஸுல நான் சொல்லிக்கிறேன்."

நான் வேண்டாம் என்றேன். அதுவரை படிந்திருந்த ஒவ்வொரு துணியும் என் கை வைத்தது. அதைப் பாதியில் உடைத்துப் போட எனக்கு மனசு வரவில்லை.

மீதித் துணியை வீட்டுக் கூடத்தில் வைத்து நான் வெட்டிக் கொடுத்தேன். கெட்டியான கையுறையும் முகமூடியும் மாட்டிக்கொண்டு என் வீட்டுக்காரர் அச்சுக்குள் இறங்கினார். பட்டறைக்கு வெளியே, காற்று வரும் பக்கமாக, நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே போக முடியாத ஆத்திரத்தில் முதல் இரண்டு நாள் அவரிடம் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் இயல்பிலேயே பேச்சுக் குறைந்தவர். அப்படிப்பட்டவர் உள்ளேயிருந்து பேசிக்கொண்டே வேலை செய்தார்.

"இப்ப நடுச் சட்டத்துக்கு வந்துட்டேன்."

சற்று நேரம் கழித்து, "கீழ் மூலைல லேசாத் தூக்குது. என்ன செய்ய?"

"நடுவுலருந்து ஓரத்துக்குத் தள்ளுங்க. அழுத்தாதீங்க, இழுபடும்."

"ஆங். படிஞ்சிருச்சு."

கண்ணை மூடிக்கொண்டால், நானே உள்ளே நின்று பூசுவது போலிருந்தது. என் கோபம் எப்போது போனது என்று தெரியவில்லை.

மேலே பிளாஸ்டிக் தாள் மூடி, பம்ப் வைத்துக் காற்றை உறிஞ்சி, சூடேற்றி இறுக விட்டோம். அச்சைப் பிரிக்கும் நாளில் ஒரு பக்கம் விட்டது, மறுபக்கம் பிடிவாதமாக ஒட்டிக்கொண்டது. என் வீட்டுக்காரரும் இன்ஜினியரும் மரஆப்பு வைத்து மெல்லத் தட்டி, இடுக்கில் தண்ணீர் ஊற்றினார்கள். திடீரென்று பெருமூச்சு விட்டதைப் போல ஒரு சத்தம். கருகருவென்று மூக்கு வெளியே வந்தது. பசை முழுசாக இறுகிவிட்டால் தொடலாம் என்று டாக்டரிடம் கேட்டு வந்திருந்தார் இன்ஜினியர். அதைக் கழுவித் துடைத்து, உள்ளே ஸ்டூல் போட்டு, "மொதல்ல நீங்க உக்காருங்கக்கா" என்றார்.

உட்கார்ந்தேன். கண்ணாடி இல்லாத ஜன்னல் ஓட்டைகள் வழியே சாலை தெரிந்தது. தக்காளி லாரி ஒன்று ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. நடுச் சட்டத்துக்குப் பின்னால் போனதும் லாரி செத்த நேரம் காணாமல் போய், மறுபக்கம் வந்தது. அதைச் சொன்னேன். "பைலட்டுகளும் அதையேதான் சொல்லப் போறாங்க" என்றார் இன்ஜினியர். அப்படியே ஆயிற்று, அந்தச் சட்டத்தை ஒல்லியாக்கி மறுபடி வரைந்ததாகப் பிறகு தகவல் சொன்னார்.

நான் துணி வெட்டுவதற்கென்று பட்டறைக்கு எதிர்ப்புறம் தனியாக ஓர் அறை கட்டினோம். ரெசின் வேலைக்கு நான் திரும்பவே இல்லை. இப்போதும் புதுப் பெயிண்ட் அடித்த வீட்டுக்குள் நுழைந்தால் மணிக்கட்டு அரிக்கிற மாதிரி இருக்கும். பயம்தான் காரணமாக இருக்கலாம்.

சில வருஷம் கழித்து ஒரு மத்தியானம் இன்ஜினியர் போன் செய்தார். விமானம் முதல் தடவையாகப் பறந்துவிட்டதாம். அசல் மூக்கை வெளிநாட்டில் பெரிய மெஷின்கள் செய்திருந்தன. என் வீட்டுக்காரர் போனை வாங்கி, மிகுந்த கவலையோடு கேட்டார்:

"கண்ணாடி ஓரத்துல மழத் தண்ணி எறங்கலேல்ல தம்பி?"

பஸ்காரர்கள் எங்களிடம் கொண்டுவரும் ஒரே புகார் அதுதான். எதிர்முனையில் இன்ஜினியர் சிரிப்பது எனக்குக் கேட்டது. "எறங்கலீங்கண்ணே" என்றார். அதன் பிறகுதான் இவருக்கு நிம்மதி.